பேரிங்தானுங்க மாப்ளே

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். வண்டியை ஓட்டியவர் இல்லை, மெக்கானிக் இல்லை, பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த நான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு அந்த வீட்டில் ஆளாளுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவிநாசிக் கோயிலுக்குப் போய்விட்டுக் கருமத்தம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேகம் முப்பதைத் தாண்டியதும் முன்சக்கரத்துப் பக்கமிருந்து எதுவோ அரைபடுவது போலச் சத்தம் வந்தது. வேகம் குறைந்தால் சத்தமும் குறைந்தது, கூடினால் கூடியது.

"ஏனுங்க, முன்னாடி ஏதோ சத்தம் வருதுங்க," என்றேன்.

"உன்ர கொலுசுதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

கொலுசு என் காலில் இருக்கிறது, சத்தம் முன்னாலிருந்து வருகிறது. ஆனால் புதுப்பெண் அல்லவா, வாயை மூடிக்கொண்டேன். அடுத்த முறை வெளியே கிளம்பியபோது கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டுப் போனேன். சத்தம் வந்தது. சொன்னேன். "அப்ப சாவிக்கொத்தா இருக்கும்," என்றார். அதற்கடுத்த முறை இடுப்பில் இருந்த சாவிக்கொத்தையும் வீட்டில் வைத்தேன். சத்தம் வந்தது. "சேலை காத்துல அடிக்கறது," என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு நகை நட்டு இல்லாமல், அம்மன் கோயில் பூசாரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்து போனேன். சத்தம் அப்போதும் வந்தது. அன்றைக்குத்தான் நாற்பதில் ஹேண்டில்பார் அவர் கையிலேயே நடுங்கியது. மனைவி சொன்னால் கொலுசு. தன் கை நடுங்கினால்தான் வண்டியில் கோளாறு.

அந்த வண்டி என் அப்பா எடுத்துக் கொடுத்தது. மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்காமலே எதிர்பார்ப்பதற்கு எங்கள் பக்கம் மரியாதை என்று பெயர். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார், "பையன் பஸ்ல அலையறான் பாவம்," என்று காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே ஒரு முறை சொன்னார். அவ்வளவுதான். அடுத்த நாளே அப்பா ஷோரூமுக்குப் போய்விட்டார்.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். இருபத்தாறு வருடம் ஸ்பின்னிங் சத்தத்துக்குள்ளேயே நின்றதில் காது பாதி போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். ஆனால் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டார் என்றால், நூறு பேரிங்குகளில் எது இன்னும் பத்து நாளில் போகும் என்று சொல்லிவிடுவார். மில்லில் அவர் சொல்லி ஒரு பேரிங்கைக் கழற்றி, அது நன்றாக இருந்தது என்று ஒரு நாளும் ஆனதில்லை. அப்பாவுக்கு இருந்த ஒரே கர்வம் அது. ஷோரூமிலும் ஸ்க்ரூ டிரைவரோடு போய், அங்கே நின்ற ஐந்தாறு வண்டிகளை ஓடவிட்டு, எலும்பால் கேட்டுத்தான் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தார். சேல்ஸ்மேன்கள் வேடிக்கை பார்த்தார்களாம். வண்டிக்கு நம்பர் எழுதியதுகூட அவருடைய மில் பெயின்டர்தான். அந்த மனிதர் ஏழு எழுதினால் நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போடுவார். முன்னாலும் பின்னாலும் அந்தக் கோட்டோடுதான் வண்டி எங்கள் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது.

மில் வீட்டில் வளர்ந்ததால் எனக்கு இன்னொரு பேச்சும் வரும். மில்லுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், எதிராளி உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். அப்பாவும் நானும் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். அம்மா சமையலறையில் இருக்கும்போது அம்மாவைப் பற்றியே பேசிச் சிரிப்போம். அது எங்கள் இருவருக்கும் மட்டுமே உரியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகுந்த வீட்டில் எட்டு விசைத்தறி. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறி ஓடும்போது என் மாமியார் கூடத்து வாசலில் நின்று, கடைசித் தறியில் நிற்கும் ஆளைச் சத்தமே இல்லாமல் திட்டுவார். திட்டு அந்த ஆளுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும், அவர் முகம் சுருங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு, பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

சத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு என் வீட்டுக்காரர் கிணத்துக்கடவில் ஒரு நண்பரின் தோப்புக்குப் போனார். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் மறுநாள் மத்தியானம் வந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. "வரப்புல வழுக்கிட்டேன்," என்றார். வண்டி மட்டும் பளபளவென்று இருந்தது. "கழுவித் தொடச்சுட்டு வந்தேன்," என்றார். என் அப்பா கொடுத்த வண்டியை இவ்வளவு அக்கறையாக வைத்துக்கொள்கிறாரே என்று எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சத்தம் ஊர்ஜிதமானதும் வண்டி உள்ளூர் மெக்கானிக்கிடம் போனது. அவர் ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு எண்ணெய் விட்டார். ஸ்போக்ஸ் கம்பிகளை முடுக்கினார். பிரேக் ஷூவை மாற்றினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டுச் சத்தம் திரும்ப வந்தது, ஆட்டம் கூடியது. மூன்றாம் முறை அவர் வீட்டுக்கே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டி கம்பெனில இருந்தே அப்படி வந்திருக்குமுங்க," என்றார். பிரேக் ஷூவைக் கழற்றிப் போட்டவருக்குக் காரணம் கண்ணில் படாமல் இருக்குமா? தறி முதலாளி வீட்டுப் பையனிடம் 'எங்கே கொண்டுபோய் இடித்தாய்' என்று கேட்பது மரியாதை இல்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் மரியாதை தெரியும். 'ங்க' போட்டுப் போட்டே ஒரு மனிதனை ஊர் கூடிப் புதைத்துவிடுவார்கள்.

மெக்கானிக் அப்படிச் சொன்னதுதான் தாமதம், மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"ஷோரூம்ல கழிச்சுப்போட்ட வண்டியத் தள்ளி உட்டுட்டாங்களாட்ட இருக்குது. சம்மந்திக்குக் காதும் கேக்காது. அவங்க என்ன சொன்னாங்களோ, இவரு என்ன கேட்டாரோ. ஏன் அம்மணி, புது வண்டிதானே அது?"

"புதுசுதானுங்க அத்தை."

"நீ பாத்தியா?"

பக்கத்தில் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி புதிது என்று அவருக்குத் தெரியும், ஷோரூமில் கையெழுத்துப் போட்டதே அவர்தான். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்து உறிஞ்சினார். அதன் பிறகு வந்து போகிற உறவுக்காரர்களிடமெல்லாம் மாமியார் வண்டியைக் காட்டி இதையே சொன்னார். என் அப்பா காசுக்கு ஆசைப்பட்டுக் கழித்த வண்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்பது அதற்கு அர்த்தம். அந்த வீட்டில் நான் தலைநிமிர்ந்து நடப்பதும் கூனிக்கொண்டு நடப்பதும் அந்த முன்சக்கரத்தின் கையில் இருந்தது.

கடைசியில் என் வீட்டுக்காரர் எஸ்டிடி பூத்திலிருந்து மில் ஆபீசுக்குப் போன் போட்டு, வண்டியில் கோளாறு என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அப்பா ஸ்பேனர் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்ததும் காப்பிகூடக் குடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியிடம் போனார். ஆர்டர் அவசரம் என்று அன்றைக்கும் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் தறிக்கூடத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்றார். நான் சமையலறை ஜன்னலில்.

"தறிய நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கத்திக் கேட்டார்.

"வேண்டாமுங்க மாப்ளே. ஓடட்டும். நமக்குக் காது எதுக்குங்க?" என்று அப்பா சிரித்தார்.

நடு ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரை ஆக்சில் நட்டில் வைத்து, பிடியை எலும்பில் அழுத்திக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். கண்ணை மூடினார். பிறகு தலையை லேசாக ஆட்டினார். எனக்கு அந்த ஆட்டல் தெரியும். பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கைக் கேட்டு வாங்கி, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ரிம்மை ஒட்டினாற்போலக் கட்டி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்றுக்கு ஒரு முறை ரிம் ஈர்க்கைத் தட்டியது. கோட்டம். கம்பி தளர்ந்தும் கோட்டம் வரும், அதனால் அப்போதும் அவர் முகம் மாறவில்லை. சக்கரத்தைக் கழற்றினார். ஆக்சிலை உருவி, துணியால் துடைத்து, வாசல் சிமெண்டுத் தரையில் உருட்டினார். நேரான கம்பி சீராக உருளும். இது நொண்டியது. மறுபடியும் உருட்டினார். மறுபடியும் நொண்டியது. விரல் தண்டி உருக்குக் கம்பி சும்மா வளையாது.

அதற்குப் பிறகு அப்பா எதையும் கழற்றவில்லை. ஃபோர்க் பைப்பில் ஆள்காட்டி விரலைக் கீழேயிருந்து மேலே ஓட்டிக்கொண்டே போனார். மேலே கிட்டத்தட்ட ஹெட்லைட்டுக்கு அடியில் விரல் நின்றது. அங்கேயே வைத்துத் தடவினார். முன்னால் வந்து மட்கார்டைப் பார்த்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். எழுந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ப் பின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். பின்னால் ஏழில் குறுக்குக் கோடு இருந்தது. முன்னால் இல்லை. முன் மட்கார்டும் நம்பர் பிளேட்டும் புதிது, வேறு யாரோ எழுதியது. கிணத்துக்கடவிலிருந்து ஒரு நாள் தாமதமாக வந்ததும், உள்ளங்கைத் தோலும், பளபளப்பும் எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது.

அப்பா நிமிர்ந்தார். ஜன்னலில் என்னைப் பார்த்தார். "என்னங்கப்பா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். அவரும் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்.

"வண்டி அடிபட்டிருக்கு. நீ பேசாத."

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, காது கேட்காதவர்கள் பேசும் அந்தப் பெரிய குரலில், தறிச் சத்தத்தையும் மீறிச் சொன்னார்.

"பேரிங்தானுங்க மாப்ளே. கம்பெனில இருந்தே சரியில்லாம வந்திருக்குதுங்க. எடுக்கும்போதே நான் கவனிச்சிருக்கோணும். என்ர தப்புத்தானுங்க, கவனிக்காம உட்டுப்போட்டேன்."

இருபத்தாறு வருடத்தில் ஒரு பேரிங் விஷயத்தில் தப்புச் சொல்லாத மனிதர், நல்ல பேரிங்கைக் கெட்டது என்கிறார், கெட்டதை வாங்கியவன் நான்தான் என்கிறார், அதுவும் கையைக் கட்டிக்கொண்டு. என் வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார்தான் பேசினார்.

"அதானே பார்த்தேன்! மில்லுல பேரிங் பார்க்கறவருன்னு நம்பி உட்டோமுங்க சம்மந்தி. நாலு பேரைக் கூட்டிட்டுப் போயி எடுத்திருக்கலாமில்லீங்க?"

"ஆமாங்க. எடுத்திருக்கலாமுங்க," என்றார் அப்பா.

ஃபோர்க்கையும் சக்கரத்தையும் சாக்கில் கட்டி, பஸ்ஸில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து மாட்டினார். ஃபோர்க் பைப் புதிது, ஆக்சில் புதிது, ரிம்மில் கோட்டம் எடுத்தாகிவிட்டது. பேரிங்கும் புதிது. சொன்ன பொய் முழுசாக இருக்க வேண்டுமென்று, நல்ல பேரிங் இரண்டையும் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார். சத்தம் அடியோடு நின்றது. ஆட்டம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, கையை விட்டால் வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கும். சேசிஸில் ஹேண்டில் உட்காரும் கழுத்திலும் அடி இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா அந்த இடத்தில் கிரீஸைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

சத்தம் நின்றது, பேச்சு நிற்கவில்லை. அன்றிலிருந்து என் அப்பாவுக்கு அந்த வீட்டில் 'பேரிங்காரர்' என்று பெயர். மிக்சி ஓடவில்லையா, "பேரிங்காரரு எடுத்ததா?" தேங்காய் அழுகியிருந்ததா, "பேரிங்காரரு தோப்புக் காயாட்ட இருக்குது." தீபாவளிக்கு அப்பா வேட்டி எடுத்து வந்தால், அவர் எதிரிலேயே, கேட்காது என்ற தைரியத்தில், "பிரிச்சுப் பாருங்க, இதுலயும் கம்பெனிக் கோளாறு இருக்கும்." அப்பா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவர் உதட்டைப் படிப்பவர் என்பதால் ஒரு சொல் விடாமல் அவருக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பேரிங்காரர் மகள் என்று மட்டும் வைத்திருந்தார்கள்.

நான் ஏன் பேசவில்லை? அப்பா பேசாதே என்றார், அதனால் பேசவில்லை. என் வீட்டுக்காரரை அப்பா ஏமாற்றிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது. பேரிங் என்று அவரும் நம்பிவிட்டார், தான் தப்பித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார், உண்மை எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். அந்த எண்ணம்தான் நாலு வருடம் எனக்குத் தெம்பாக இருந்தது. மாமியார் பேரிங்காரர் என்னும்போதெல்லாம் மனதுக்குள், உங்கள் மகன் யோக்கியதை உங்களுக்கே தெரியாது என்று சொல்லிக்கொள்வேன்.

நாலாம் வருடம் வண்டியை விற்க முடிவாயிற்று. அவிநாசியிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். கூடவே கோயமுத்தூர்க் கோட்டைமேட்டிலிருந்து தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். பாய் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர் அதிகம் பேசவில்லை. ஓட்டிப் பார்த்தார், கையை விட்டுப் பார்த்தார், இறங்கி வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டு, பழைய கிரீஸைத் துணியால் துடைத்தெடுத்தார். அப்பாவின் விரல் போலவே அவர் விரலும் அங்கே போய் நின்றது.

"ஏனுங்க, வண்டி முன்னாடி எங்கியோ நல்லா மோதியிருக்குதுங்களே?" என்று நேராகக் கேட்டார்.

எங்கள் வாசலில் நாலு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் காப்பித் தட்டோடு கதவருகே நின்றேன்.

என் வீட்டுக்காரர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "மாமனார் எடுத்துக் குடுத்ததுங்க பாய். வரும்போதே அப்படித்தான். அவருக்கு அத்தனை வெவரம் பத்தாதுங்க. யாரோ மோதின வண்டிய மறைச்சுக் கைமாத்தி உட்டுட்டாங்க," என்றார்.

பேரிங்கில் ஆரம்பித்தது, இப்போது என் அப்பா மோதின வண்டியையே வாங்கி வந்தவர் ஆகிவிட்டார். தட்டைக் கீழே வைத்தேன்.

"இல்லீங்க பாய். இது புது வண்டி. கிணத்துக்கடவு போயிட்டு வந்தப்ப இவரு மோதினது. முன்னாடி நம்பர் பிளேட்டையும் பின்னாடி நம்பர் பிளேட்டையும் பாருங்க, ஒரே கை எழுதினதான்னு."

பாய் பார்த்தார். அவிநாசிக்காரரும் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேனுங்க," என்று அவிநாசிக்காரர் கிளம்பிவிட்டார். காப்பி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு சாவதானமாகச் சொன்னார்.

"உங்கப்பாவே முடிச்சு வெச்சதை நீ எதுக்கு நோண்டறே?"

"எங்கப்பாவுக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தறி வீட்டுல பொறந்தவன் நான். 'வண்டி அடிபட்டிருக்கு, நீ பேசாத'ன்னு அவரு உன்கிட்டச் சொன்னப்ப நான் எங்கே நின்னேன்? தூண்கிட்ட. அம்மா எங்கே உக்காந்திருந்தாங்க? வாசல்ல. தறிச் சத்தத்துல நாங்க என்ன, காதுலயா கேட்டுக்கறோம்?"

அவருக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும். தெரிந்துதான் அதற்கடுத்த மூச்சிலேயே 'நம்பி உட்டோமுங்க சம்மந்தி' என்றார். தெரிந்துதான் நாலு தீபாவளிக்குப் பேரிங்காரர் என்றார். அப்பாவின் பொய்யை அவர்கள் நம்பியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அவர்கள் அதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சேர வேண்டிய இன்னொரு சீராக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே பஸ் ஏறி அப்பா வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மில் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்து ஒண்டிப்புதூரில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். காது இப்போது சுத்தமாகப் போய்விட்டது. ஜன்னல் மேடையில் செய்தித்தாள் பறக்காமல் இருக்க இரண்டு பேரிங்குகளைப் பாரம் வைத்திருந்தார். ஒன்றை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினேன். துளி சத்தம் இல்லை. அன்றைக்குத் தட்டி எடுத்த அதே நல்ல பேரிங்.

அம்மா உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அதனால் உதட்டாலேயே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்டதை, என் வீட்டுக்காரர் சொன்னதை, நான் சொன்னதை. கடைசியில், "அன்னைக்கு நீங்க என்கிட்டச் சொன்னதை அவரும் பார்த்துட்டாருங்கப்பா. அத்தையும் பார்த்துட்டாங்க. நாலு வருசமா அவங்களுக்குத் தெரியும்," என்றேன்.

அப்பா அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார். பேரிங் நன்றாக இருந்தால் ஆட்டுவாரே, அந்த ஆட்டல்.

"தெரியும் கண்ணு," என்றார் சத்தமில்லாமல். "தறிக்காரங்களுக்கு உதடு தெரியாதுன்னா நெனச்சே? அவங்க பார்க்கட்டும்னுதான் அந்தப் பக்கமா நின்னு சொன்னேன்."

"எதுக்குங்கப்பா?"

"நாலு பேரு முன்னாடி கேட்டா மாப்ளைக்கு அவமானம். கேக்காமலே தெரிஞ்சுதுன்னு காட்டிட்டு, பழிய நம்ம மேல போட்டுக்கிட்டா, வெக்கப்படுவாரு. அந்த வெக்கத்துக்காச்சும் உன்னைய நல்லா வெச்சுக்குவாருன்னு நெனச்சேன்." மேடையில் இருந்த இன்னொரு பேரிங்கை எடுத்துச் சுற்றிவிட்டார். "வண்டியப் பத்தி நெனச்சது சரியாத்தான் இருந்துது. அவங்களைப் பத்தி நெனச்சதுதான் தப்பாப் போச்சு."

அந்த வாசலில் அன்றைக்கு நாலு பேர் இருந்தோம். மற்ற மூன்று பேருக்கும் எல்லாம் தெரியும், அடுத்தவருக்குத் தெரியும் என்பதும் தெரியும். ரகசியம் என்று ஒன்றை நாலு வருடம் நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் மேல் வரவேண்டிய கோபமெல்லாம் அந்த நிமிடம் அப்பா மேல் வந்தது. அந்த மனிதரின் மரியாதை மேல் வந்தது. என் வாழ்க்கையை வைத்துப் போட்ட கணக்கில் என்னைக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

அம்மா தட்டோடு வந்தாள். அப்பா எழுந்து பாயை விரிக்கத் திரும்பினார்.

"அன்னைக்கே எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்கோணுமுங்கப்பா," என்றேன். வாய்விட்டு, உரக்க.

அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அப்பாவின் முதுகு என் பக்கம் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. பாயின் மடிப்பைக் காலால் நீவிவிட்டுத் திரும்பி, "தோசை ஆறுது கண்ணு, உக்காரு," என்றார்.

நான் மறுபடி சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.